"கேன்சரைக் காட்டும் இரத்தப் பரிசோதனை": பணம் கட்டுவதற்கு முன் ஒரு டீச்சர் சொல்வது



நீளமான பதிவு. நேரமிருக்கிறவர்கள் முழுவதும் வாசியுங்கள். இல்லாதவர்கள் கடைசியில் இருக்கிற மூன்று கேள்விகளையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

போன கிழமை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றியது. இரைப்பைப் புற்றுநோய்க் கலங்களை இரத்தத்திலேயே பிடித்துவிடலாமாம், இனி வாயால் கமரா விடத் தேவையில்லையாம். அதை எனக்கும் அனுப்பி, என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், இது உண்மையா? உம்மாவுக்கு ஆறு மாசமா கேஸ்ட்ரைட்டிஸ். சாப்பாடு இறங்குதில்ல, மெலிஞ்சும் போனா. டொக்டர் கமரா போடச் சொன்னார். உம்மா பயப்படுறா. அதுக்குப் பதிலா இத செய்யலாமா?"

அவளுக்கு உடனே ஒரு வரியில் பதில் அனுப்பினேன்: "மகள், முதலில் உம்மாவைக் கமராவுக்குக் கூட்டிப் போ." அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்காக மட்டுமல்ல. இந்த வீடியோவைப் பார்த்து நிம்மதி அடைந்த எல்லோருக்காகவும்.

முதலில் என் காக்காவின் கதை.

காக்கா கடை வைத்திருந்தவர். நேரத்துக்குச் சாப்பிடமாட்டார். வயிற்றில் எரிவு என்றால் பார்மசியில் ஒமெப்ரசோல் வாங்கிப் போடுவார். எரிவு குறையும், கடைக்குப் போவார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்றார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். நாங்கள் "சீனி வியாதியாக இருக்குமோ" என்று பேசிக்கொண்டோம். மதினி பிடிவாதம் பிடித்ததால் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் "முழு உடல் பரிசோதனை" செய்தார். அந்தப் பட்டியலில் "கேன்சர் டெஸ்ட்" என்று ஒன்றும் இருந்தது. ரிப்போர்ட்டில் எல்லாம் நோர்மல். அன்றைக்கு வீட்டில் பிரியாணி.

அந்தக் "கேன்சர் டெஸ்ட்" உண்மையில் சீ.ஈ.ஏ. என்ற ஒரு புரதத்தின் அளவு. இரைப்பைப் புற்றுநோய் உள்ள பலருக்கு, அதுவும் ஆரம்பத்தில், அது கூடவே கூடாது. ஆகவே அது நோர்மலாக இருப்பது புற்றுநோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி இல்லை. இதை அங்கே யாரும் சொல்லவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற நானும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

ஐந்து மாதம் கழித்து மலம் கறுப்பாகப் போனது. அதற்குப் பிறகுதான் எண்டொஸ்கொப்பி. அதற்குப் பிறகுதான் மஹரகம.

இனி அந்த வீடியோவுக்கு வருவோம். அதில் சொல்லப்படுகிற பரிசோதனை கற்பனையல்ல. அதன் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. முழுப் பொய்யை நாம் சீக்கிரம் பிடித்துவிடுவோம்.

1869இல் அவுஸ்திரேலியாவில் அஷ்வர்த் என்ற வைத்தியர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கட்டியில் இருந்த அதே மாதிரிக் கலங்கள் இரத்தத்திலும் இருந்தன. கட்டி ஓரிடத்தில் இருக்க, அதன் கலங்கள் இரத்தத்தில் ஏறி வேறிடத்துக்குப் போகின்றன என்று அப்போதே அவர் சந்தேகப்பட்டார். இருபது வருஷம் கழித்து, 1889இல், லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பேஜெட் ஒரு உவமை சொன்னார். இந்தக் கலங்கள் விதை மாதிரி, எல்லா மண்ணிலும் முளைக்காது, ஏற்ற மண் கிடைத்த இடத்தில்தான் முளைக்கும் என்று. நம் வயல்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிரச்சினை, இந்த விதைகளை எப்படிப் பிடிப்பது என்பது. ஒரு கணக்குச் சொல்கிறேன். பரிசோதனைக்கு எடுக்கிற இரத்தம் 7.5 மில்லிலீற்றர், ஒன்றரைத் தேக்கரண்டி. அதில் செங்குழியங்கள் மட்டும் ஏறத்தாழ 3,700 கோடி. வெண்குழியங்கள் சில கோடி. அவற்றுக்குள் தேட வேண்டிய புற்றுநோய்க் கலங்கள் மூன்று, நான்கு, ஐந்து. பல நேரம் ஒன்றுமே இல்லை. ஒரு லொறி நிறைய நெல்லில் ஒரே ஒரு குறுணிக் கல்லைத் தேடுவதை விடக் கடினம்.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. இரும்பு நுண்துகள்களில் ஒரு பிறபொருளெதிரியைப் பூசி இரத்தத்தோடு கலக்கிறார்கள். புறவணி இழையத்திலிருந்து வந்த கலங்களின் மேற்பரப்பில் எப்கேம் என்ற புரதம் இருக்கும். குருதிக் கலங்களில் அது இருக்காது. பிறபொருளெதிரி எப்கேமைப் பிடித்துக்கொள்ளும். பிறகு காந்தத்தைக் கொண்டுபோனால், இரும்போடு சேர்ந்து அந்தக் கலங்களும் வந்து ஒட்டும். அதன் பிறகு சாயமிட்டு, கரு இருக்கிறதா, இது வெண்குழியம் இல்லைதானா என்று பார்த்து எண்ணுவார்கள். செல்சேர்ச் என்ற இந்த முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004இல் அனுமதி கொடுத்தது. எதற்கு? பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கு. பிறகு பெருங்குடலுக்கும் புரொஸ்டேற்றுக்கும், அவையும் பரவிய நிலைக்கு. அந்தப் பட்டியலில் இரைப்பை இல்லை.

அதே 2004இல் வந்த ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 177 பெண்களின் இரத்தத்தை, சிகிச்சை தொடங்க முன் எண்ணிப் பார்த்தார்கள். ஐந்தும் அதற்கு மேலும் கலங்கள் இருந்தவர்களின் ஆயுள் இடையம் 10 மாதம். ஐந்துக்குக் குறைந்தவர்களுக்கு 18 மாதத்துக்கும் மேல்.

இரைப்பைக்கும் இதே மாதிரிப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் முற்றிய இரைப்பைப் புற்றுநோயுள்ள 52 பேருக்குக் கீமோ கொடுத்து, இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் இரத்தத்தில் எண்ணினார்கள். 2010இல் வெளியான ஆய்வு அது. நான்கு கலங்களுக்குக் குறைந்தவர்கள் பதினொரு மாதமளவில் வாழ்ந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் இருந்தவர்கள் நான்கு மாதமளவில். பெரிய வித்தியாசம்தான், மறுக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் இருந்த எல்லோருக்கும் புற்றுநோய் இருப்பது ஏற்கனவே தெரியும். "இவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா?" என்று யாரும் கேட்கவில்லை. "இருக்கிற நோய் இனி எப்படிப் போகும்?" என்றுதான் கேட்டார்கள். நேரத்தோடு கண்டுபிடிப்பது ஒன்று, கண்டுபிடித்த நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்வது இன்னொன்று. வீடியோ செய்த வேலை, இரண்டாவதைக் காட்டி முதலாவது என்று விற்றதுதான்.

ஏன் முதலாவதற்கு இது உதவாது? ஆரம்ப நிலையில் இரத்தத்துக்கு வருகிற கலங்கள் மிகச் சில. வந்தவையும் சில மணி நேரத்தில் அழிந்துவிடும். அதோடு உயர்தரப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம்: இரைப்பையிலிருந்து புறப்படும் குருதி நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் ஈரலுக்குள் புகுந்து வடிபட்டுத்தான் வெளியே வரும். கையில் ஊசி போட்டு எடுக்கிற இரத்தம் அந்த வடியைத் தாண்டி வந்தது. மேலும், பரவத் தொடங்குகிற கலங்களில் சில தங்கள் மேற்பரப்பிலுள்ள எப்கேமை இழந்துவிடுகின்றன. அப்போது காந்தத்துக்கு அவை அகப்படாது. ஆகவே அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு இந்தப் பரிசோதனையில் "பூச்சியம்" என்று வந்தாலும், அதற்கு அர்த்தம் "நோய் இல்லை" என்பதல்ல. எங்கள் வீட்டில் பிரியாணி ஆக்க வைத்த அந்த ரிப்போர்ட் மாதிரித்தான் இதுவும் இருக்கும்.

சரி, நோய் இருப்பது உறுதியான பிறகாவது இதைச் செய்ய வேண்டாமா? இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

காக்காவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்த நேரம், வெளிநாட்டில் வேலை செய்கிற மருமகன் இணையத்தில் தேடி இதைக் கண்டுபிடித்தான். இரத்தத்தை இந்தியாவுக்கு அனுப்பி எண்ணித் தருகிறோம் என்று ஒருவர் இரண்டு லட்சத்துக்குக் கிட்டக் கேட்டார். மருமகன் அனுப்பத் தயார். வாப்பாவுக்காக எதையும் செய்வான். நானும் "செய்வோம்" என்றுதான் நின்றேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். படித்தவர்களின் வருத்தம் அது. எதையும் ஒரு இலக்கமாகப் பார்த்தால்தான் மனம் அடங்கும்.

காக்கா கட்டிலில் சாய்ந்திருந்தபடி கேட்டார்: "தங்கச்சி, எண்ணி என்ன செய்யப் போறம்? கூடவா இருந்தா வேற மருந்து தருவாங்களா? குறைவா இருந்தா இந்த மருந்த நிப்பாட்டுவாங்களா?"

அடுத்த கிளினிக்கில் வைத்திய நிபுணரிடம் நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரண்டுக்கும் இல்லை" என்றார். கடைக்காரரான காக்கா கேட்ட கேள்விக்கும், ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் எடுத்து விடை தேடிய கேள்விக்கும் வித்தியாசமில்லை என்பது பிறகு வாசிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

2014இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்கள். கீமோ தொடங்கி மூன்று வாரம் கழித்தும் இரத்தத்தில் கலங்கள் குறையாதவர்கள் 123 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அதே மருந்து, மற்றக் குழுவுக்கு உடனே வேறு மருந்து. எண்ணிக்கையைப் பார்த்து மருந்தை மாற்றினால் ஆயுள் கூடுமா என்பதுதான் கேள்வி. கூடவில்லை. பரிசோதனை சொன்ன ஆரூடம் மட்டும் சரியாக இருந்தது. முதலிலேயே கலங்கள் குறைவாக இருந்தவர்களின் இடையம் 35 மாதம், குறையாமலே இருந்தவர்களுக்கு 13 மாதம். ஆக, பரிசோதனை எதிர்காலத்தைச் சரியாகச் சொன்னது, ஆனால் அதை மாற்ற உதவவில்லை.

இதை வைத்து இந்த ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. பிடித்த கலங்களை வளர்த்து எந்த மருந்துக்கு அவை மசியும் என்று பார்க்க முயற்சிக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புவதை முன்பே அறிய முடியுமா என்று பார்க்கிறார்கள். ஒருநாள் இது நம் கிளினிக்குகளிலும் சாதாரணமாகலாம். விஞ்ஞானம் இப்படித்தான், அடி வைத்து அடி வைத்து வரும். ஆராய்ச்சிக்காக இலவசமாக இரத்தம் கேட்டால், விளங்கிக்கொண்டு கொடுங்கள், அது நன்மையான காரியம். நான் எதிர்ப்பது, பாதி வழியில் இருக்கிற ஒன்றை முடிந்த ஒன்றாகக் காட்டி, பயந்துபோன குடும்பத்திடம் காசு வாங்குவதை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். "இடையம்" என்று மேலே பல இடத்தில் எழுதினேன். சாதாரண தரக் கணிதத்தில் எல்லோரும் படித்ததுதான். வரிசையில் நடுவில் நிற்பவரின் இலக்கம். பத்து மாதம் என்றால், பாதிப் பேர் அதற்கு முன் போய்விட்டார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள். எவ்வளவு தாண்டி என்று அந்த இலக்கம் சொல்லாது. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுச் சவ்வில் அரிதான புற்றுநோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய்க்கு இடையம் எட்டு மாதம் என்று நூலகத்தில் வாசித்தார். பிறகு உட்கார்ந்து, அந்த எட்டு எனக்கான இலக்கம் அல்ல, ஒரு கூட்டத்தின் நடு இலக்கம் என்று யோசித்தார். அவர் இருபது வருஷம் வாழ்ந்தார். 2002இல் இறந்தது வேறொரு புற்றுநோயால். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆய்வு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. கட்டிலில் கிடப்பவர் ஒரு ஆள். ஆயுளின் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதை நம்மவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

காக்காவின் இரத்தத்தை நாங்கள் அனுப்பவில்லை. மருமகன் அந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்து ஒரு மாதம் வாப்பாவோடு இருந்தான். கடையின் கடன் கொப்பியை இருவரும் உட்கார்ந்து முடித்தார்கள். யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது, யாரிடம் வாங்குவது என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்கள். சில பெயர்களுக்குச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார் காக்கா. நான்கு கலமா, நாற்பது கலமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. அந்த நோர்மல் ரிப்போர்ட்டோடு போன ஐந்து மாதத்துக்காகத்தான் வருந்துகிறேன்.

ஏனென்றால் இரைப்பைப் புற்றுநோயில் ஆயுளை மாற்றுகிற பெரிய விஷயம், அது எந்தக் கட்டத்தில் அகப்படுகிறது என்பதுதான். தென் கொரியாவில் இந்த நோய் மிக அதிகம். அங்கே 1999 முதல் தேசியப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரைப்பையைப் பார்க்கிறார்கள். இன்று அங்கே இந்த நோய் வந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி வாழ்கிறார்கள். இரத்தத்தில் கலம் எண்ணி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. பெரும்பாலும் நாம் பயப்படுகிற அதே கமராவால்தான்.

நம் நாட்டில் இரைப்பைப் புற்றுநோய் அந்தளவு இல்லை. ஆண்களில் வாய்ப் புற்றுநோயும் பெண்களில் மார்பகப் புற்றுநோயும்தான் முன்னால் நிற்கின்றன. ஆகவே எல்லோருக்கும் கமரா போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடையாளம் இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது. காரணமில்லாமல் மெலிதல். சாப்பாடு இறங்கச் சிக்கல். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைதல். அடிக்கடி வாந்தி. கறுப்பு மலம். காரணம் தெரியாத இரத்தச்சோகை. நடுவயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கி நிற்காத "கேஸ்ட்ரைட்டிஸ்". இவற்றில் ஒன்று இருந்தாலும் பார்மசியில் நின்று மாத்திரை கேட்காதீர்கள். அந்த மாத்திரை எரிவை அடக்கும், அடியில் இருப்பதை மறைக்கவும் கூடும். காக்காவுக்கு அதுதான் நடந்தது.

கமரா என்றால் என்ன? தொண்டையை விறைக்க வைக்க மருந்து அடிப்பார்கள். வளையக்கூடிய மெல்லிய குழாய். பெரும்பாலும் சில நிமிட வேலை. ஓங்காளிக்கும், கண்ணில் தண்ணீர் வரும், பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம். அரசாங்க வைத்தியசாலையில் காசும் இல்லை. சந்தேகமான இடத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க அதனால் முடியும். இரத்தப் பரிசோதனையால் முடியாது.

அதோடு ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இரைப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணங்களில் ஒன்று இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இல் இதை உறுதியான புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. இதைக் கண்டுபிடித்த வொறனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்த மனிசர். ஒன்றிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் போய்விடக்கூடிய கிருமி. முற்றிய நோயின் ஆயுளை எண்ணுவதை விட, நோய் வர முன் அதன் வித்தை எடுப்பது எவ்வளவு மலிவு என்று யோசித்துப் பாருங்கள். புகைத்தலையும் அளவுக்கு மீறிய உப்பிட்ட சாப்பாட்டையும் குறைப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கடைசியாக, எந்தப் புதுப் பரிசோதனைக்கும் காசு கட்ட முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பதில் சொல்ல முடியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்று: இது நோய் இருக்கிறதா என்று பார்க்கவா, இருக்கிற நோய் எப்படிப் போகும் என்று பார்க்கவா?

இரண்டு: "இல்லை" என்று வந்தால், உண்மையிலேயே இல்லை என்று நான் நம்பலாமா? அல்லது எப்படியும் கமரா போட வேண்டுமா?

மூன்று: காக்கா கேட்டது. முடிவு எப்படி வந்தாலும் எனக்குத் தரும் மருந்தில் ஏதாவது மாறுமா?

இதை எழுதி முடிக்கிற நேரம் அந்தப் பிள்ளையிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. உம்மா சம்மதித்துவிட்டாராம். வருகிற செவ்வாய் எண்டொஸ்கொப்பிக்குத் திகதி கிடைத்திருக்கிறது. வெறும் வயிற்றில் போக வேண்டும், பஜ்ருக்குப் பிறகு தண்ணீரும் குடிக்கலாமா என்று கேட்கிறாள். அதை வைத்தியசாலையிலேயே கேட்கச் சொன்னேன்.

அந்த உம்மாவுக்காகவும் என் காக்காவுக்காகவும் துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டு "இது வெறும் கேஸ்ட்ரைட்டிஸ்" என்று சொல்கிற ஒருவர் இருந்தால், இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை.